சென்னைப் புறநகரின் பழைய தேவாலயங்கள்: இடிக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் தென்புறநகரில், சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து பரங்கிமலை, பல்லாவரம் என நீளும் பகுதியில் உள்ள பழைய தேவாலயங்கள் சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. வழிபடுவோர் தொகை பெருகிவிட்டது, பழைய கட்டடம் போதவில்லை, சுவரில் நீர் ஊறுகிறது, கூரை ஒழுகுகிறது. இந்தக் காரணங்கள் அனைத்தும் உண்மையானவையே. ஆனால் அவற்றுக்குத் தீர்வாகச் செய்யப்படும் வேலைகள் பெரும்பாலும் இரண்டு வகையாக முடிகின்றன. ஒன்று, பழைய கட்டடம் இடிக்கப்பட்டு அதே இடத்தில் கான்கிரீட் ஆலயம் எழுகிறது. மற்றொன்று, பழைய கட்டடத்தின் மீது சிமென்ட் பூசி, கிரானைட் பலகை ஒட்டி, தரையில் டைல்ஸ் பரப்பி, அது பழையது என்பதே தெரியாதபடி மூடிவிடுகிறார்கள். பொதுப்பணித் துறையில் கட்டடப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, ஆலந்தூரில் வசிக்கும் நான், இவ்விரண்டுமே தேவையற்றவை என்பதையும், இவற்றைவிடச் செலவு குறைந்த, நீடித்து நிற்கக்கூடிய வழி உண்டு என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகப் கத்தோலிக்க ஆலயங்களின் பங்குப் பேரவைகளுக்கும், தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களின் குருசேகரக் குழுக்களுக்கும், அரசுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

இந்த ஆலயங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பரங்கிமலையையே முதலில் காட்டுவேன். திருத்தூதர் தோமையார் உயிர்நீத்த இடம் என்று மரபு கூறும் இம்மலையின் உச்சியில், 1523இல் போர்த்துகீசியர் ஒரு சிற்றாலயம் எழுப்பியதாகச் சொல்லப்படுகிறது. 1547இல் அங்கே கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது சிலுவை செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. இன்று மாதா ஆலயத்தின் பீடத்தில் பதிக்கப்பட்டிருப்பது அந்தக் கல்தான். 1558ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் திருப்பலியின்போது அதிலிருந்து குருதி கசிந்ததாகப் பக்தர்கள் நம்புகின்றனர். ஆண்டுதோறும் அதே நாளில் திருவிழாவும் நடைபெறுகிறது. நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கல்லைக் கட்டடக்கலைக் கண்கொண்டு பார்ப்பவர் சற்று நேரம் அங்கிருந்து நகர மாட்டார். முனைகள் மொட்டுகளைப் போல் விரியும் சிலுவை, அதன் மேலே கீழ்நோக்கி இறங்கும் புறா, இருபுறமும் தூண்கள், தூண்களின் மேல் அமர்ந்த மகரங்கள், அவற்றின் வாயிலிருந்து எழுந்து சிலுவையைக் கவியும் வளைவு. நம் கோயில் வாயில்களிலும் கோட்டங்களிலும் காணும் மகர தோரணம் இங்கே ஒரு கிறிஸ்தவச் சிலுவைக்குக் குடையாக நிற்கிறது. வளைவின் ஓரமாக ஓடும் எழுத்தோ பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து. பர்னல் என்னும் ஆங்கில அறிஞர் 1870களில் இதைப் படிக்க முயன்ற காலம் முதல் பல அறிஞர்கள் பல விதமாகப் படித்துள்ளனர். அஃப்ராஸ் என்னும் சிரியக் கிறிஸ்தவர் ஒருவர் கிறிஸ்துவிடம் இரக்கம் வேண்டுவதாக அமைந்த வாசிப்பு அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. எழுத்தமைதியைக் கொண்டு இக்கல்லை ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகப் பெரும்பாலோர் கருதுகின்றனர். இதே எழுத்துக் கொண்ட சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளியிலும் வேறு சில ஆலயங்களிலும் உள்ளன. போர்த்துகீசியக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கடற்கரையில் பாரசீக வணிகத் தொடர்புடைய கிறிஸ்தவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு நம் கையில் இருக்கும் மிகத் திண்மையான சான்றுகளில் இந்தக் கல்லும் ஒன்று.

அந்தக் கல்லைச் சுற்றி எழுந்த கட்டடமும் ஒரே கையால் ஒரே காலத்தில் கட்டப்பட்டதன்று. போர்த்துகீசியர் தொடங்கினார்கள், ஆர்மீனிய வணிகர்கள் விரிவாக்கினார்கள், அழகுபடுத்தினார்கள். மலையேறும் அகன்ற படிக்கட்டு, நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகளுடன், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனியப் பெருவணிகரின் செலவில் அமைந்தது. அதே கொடையாளர் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தையும் கட்டித் தந்தார். மயிலாப்பூரிலிருந்தும் கோட்டையிலிருந்தும் மலைக்கு வரும் பக்தர்கள் ஆற்றைக் கடக்கவும், பின்பு மலையை ஏறவும் ஒரே மனிதர் வழி செய்துகொடுத்தார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்; பாலமும் படியும் ஆலயமும் அவருக்கு ஒரே அறப்பணியின் மூன்று உறுப்புகளாகவே இருந்திருக்க வேண்டும். பழைய பாலம் 1960களில் போய்விட்டது. அதன் கல்வெட்டு மட்டும் சைதாப்பேட்டைக் கரையில் நிற்கிறது. மலைமேல் உள்ள ஆலயத்திலோ ஆர்மீனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்களை இன்றும் காணலாம். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் இன்று இந்நகரில் மிகச் சிலரே.

இந்த மலை கண்ட போர்களையும் சொல்ல வேண்டும். 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது மலையடிவாரத்தில் கடும் சண்டை நடந்தது. 1769இல் ஐதர் அலி இதே மலையருகே வந்து நின்றுதான் ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். 1780இல் அவருடைய குதிரைப்படை மீண்டும் இங்குள்ள ஊர்களைச் சூறையாடியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியப் பெருநில அளவையின் முதல் அடிக்கோட்டை, அதாவது மற்றத் தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோட்டை, அளந்தது இந்த மலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையில். பின்னர் மலையடிவாரம் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாகிக் கண்டோன்மென்ட் வளர்ந்தது. படைவீரர்களுக்கென்று சமவெளியில் தனி ஆலயமும் எழுந்தது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மலைக்கு வந்தார். இத்தனை நூற்றாண்டுகளின் தடமும் நடந்து ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடக்கூடிய ஒரு வட்டாரத்துக்குள் கிடக்கிறது.

வழிபடுவோர் பெருகும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. அடையாற்றின் தென்கரையில் உள்ள சின்னமலையில், தோமையார் மறைந்திருந்ததாக மரபு கூறும் குகையை ஒட்டி 1551இல் போர்த்துகீசியர் ஆலயம் அமைத்தனர். நானூறு ஆண்டுகளுக்குப் பின் கூட்டம் கொள்ளாத நிலை வந்தபோது, 1970களின் தொடக்கத்தில், தோமையார் இறப்பின் 1900ஆம் ஆண்டை ஒட்டி, வட்ட வடிவில் பெரிய புதிய ஆலயம் ஒன்று கட்டப்பட்டது. குகையும் பழைய சிற்றாலயப் பகுதியும் அதன் அருகிலேயே விட்டுவைக்கப்பட்டன. புதிய ஆலயத்தின் வடிவம் பிடிக்காதவர்கள் உண்டு; எனக்கு அது பிடிக்கும். தூண்கள் பார்வையை மறைக்காத அகன்ற வட்டக்கூடத்தில் எங்கே நின்றாலும் பீடம் தெரிகிறது. கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், குரு மக்களை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்றும் முறை வந்த காலத்துக்கு அது பொருத்தமான வடிவம். பழையது பழையதாகவும் புதியது புதியதாகவும் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றைப் போல் வேடம் போடவில்லை. இடநெருக்கடி உள்ள ஒவ்வொரு பங்கும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி இதுவே என்பேன்.

இதற்கு மாறாகச் சாந்தோமில் நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே தோமையார் கல்லறைமேல் போர்த்துகீசியர் கட்டியிருந்த பழைய ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகற்றப்பட்டு, 1896இல் இன்றுள்ள கோதிக் பாணிப் பேராலயம் அர்ச்சிக்கப்பட்டது. முகப்பை ஒட்டி 155 அடி உயரக் கோபுரம், கல்லறை இருக்கும் இடத்தை அடையாளப்படுத்தும் இரண்டாவது சிறு கோபுரம், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் என்று அது மிக அழகிய கட்டடம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் 1606இல் மயிலை மறைமாவட்டம் உருவானபோது எந்தச் சுவர்களுக்குள் அது தொடங்கியதோ அந்தச் சுவர்களை நாம் இனி ஒருநாளும் பார்க்க முடியாது. அந்த இழப்புக்கு ஈடாக நமக்கு ஒரு சிறந்த கட்டடமாவது கிடைத்தது. இன்று இடிக்கப்படும் சிற்றாலயங்களுக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பதைப் புறநகர்ச் சாலைகளில் செல்லும் எவரும் கண்டுகொள்ளலாம்.

மயிலாப்பூரின் காட்டுக் கோயில் என்று மக்கள் அழைக்கும் லஸ் ஆலயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இன்று அது நகரின் நடுவே இருந்தாலும், கட்டப்பட்ட காலத்தில் உண்மையிலேயே காட்டுக்குள் இருந்த புறநகர் ஆலயம்தான். பிரான்சிஸ்கன் துறவி பெட்ரோ த அத்தோகியா 1516இல் கட்டியதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அந்த ஆண்டை ஏற்காமல், ஆலயம் சில பத்தாண்டுகள் பிந்தியது என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உள்ளனர். இந்தக் கருத்து வேறுபாடு இன்றும் நடக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம், கல்வெட்டும் சுவரும் பீடமும் ஆய்வாளர் கைக்கெட்டும் நிலையில் எஞ்சியிருப்பதே. கல்வெட்டின் மேல் பெயின்ட் அடித்துவிட்டு, பக்கத்தில் கிரானைட் பலகையில் ஆண்டைத் தங்க எழுத்தில் பொறித்து வைத்தால், அடுத்த தலைமுறை அந்த ஆண்டை நம்பலாம், அல்லது நம்பாமல் விடலாம், சரிபார்க்க முடியாது.

இனி என் துறை சார்ந்த செய்திக்கு வருகிறேன். இந்த ஆலயங்களின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்டவை. பழவேற்காடு போன்ற உப்பங்கழிகளில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பூசினார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, வழவழப்பான கல்லால் பொறுமையாகத் தேய்த்தபோது சுவர் பளிங்கைப் போல் மின்னியது. அந்நாளில் சென்னைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் இந்தச் சுண்ணாம்புப் பூச்சை வியந்து எழுதாமல் விட்டதில்லை. கூரையோ, தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்கோணத்தில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் உடைகல்லும் சேர்த்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்து முடித்த தளம். கட்டட உலகம் இன்றும் அதை மெட்ராஸ் டெரஸ் என்றே அழைக்கிறது.

இந்தச் சுவர்களுக்கு ஒரு தன்மை உண்டு. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தையும் மழைநீரையும் அவை ஓரளவு உள்வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு மென்மையானது. செங்கல்லைவிடத் தானே முதலில் தேய்ந்து, செங்கல்லைக் காக்கும். பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சைப் புதுப்பித்தால் சுவர் நூற்றாண்டுகள் நிற்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் நடப்பது வேறு. கடினமான, நீர் எளிதில் ஊடுருவாத அந்தப் பூச்சுக்குப் பின்னால் ஈரம் அடைபட்டுவிடுகிறது. வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலேறுகிறது. அதில் கரைந்துள்ள உப்பு செங்கல்லின் துளைகளுக்குள் படிகமாகி, செங்கல்லைப் பொடிக்கிறது. சில மழைக்காலம் கழிந்ததும் சிமென்ட் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போது செங்கல்லின் முகப்பையும் பிய்த்துக்கொண்டே விழுகிறது. அதன்மேல் எனாமல், அக்ரிலிக் பெயின்ட் அடிப்பது நோயை இன்னும் விரைவுபடுத்தும். மெட்ராஸ் டெரஸை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவதும் அப்படியே. நம் ஊர் வெயிலில் கான்கிரீட் விரிந்து சுருங்கும் அளவுக்குச் சுண்ணாம்புச் சுவர் ஈடுகொடுப்பதில்லை. தளத்துக்குச் சற்றுக் கீழே சுவர் நெடுகிலும் கிடைமட்ட விரிசல் ஓடுகிறது. கடற்காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும் கதையை நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

தென்புறநகர் ஆலயம் ஒன்றில், பெயர் குறிப்பிட விரும்பவில்லை, இதை நான் கண்ணாரக் கண்டேன். நீர் ஊறல் என்று சொல்லித்தான் அங்கே பழைய சுண்ணாம்புப் பூச்சை முற்றிலும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசினார்கள். ஊறலுக்கு உண்மையான காரணம் சுவரில் இல்லை. வெளியே சாலையில் இருந்தது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதால் சாலை உயர்ந்து, ஆலய வளாகம் பள்ளமாகிவிட்டது. மழைநீர் வெளியேற வழியின்றிச் சுவரோரம் நின்றது. ஒரு வடிகால் வெட்டியிருந்தால் போதும். அதை நான் எடுத்துச் சொன்னபோது, வேலை ஒப்பந்தம் முடிவாகிவிட்டது என்று பதில் கிடைத்தது. இப்போது அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்குமேல் உப்புப் பூத்திருக்கிறது. ஊறலை மறைக்க டைல்ஸ் ஒட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லெண்ணம் கொண்ட, உழைத்துப் பணம் சேர்த்த மக்கள் அவர்கள்; அவர்களுக்குச் சரியான யோசனை சொல்ல ஆளில்லாமல் போனதே என் வருத்தம்.

தரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஆலயங்களின் தரையிலும் சுவரிலும் உள்ள கல்லறைக் கற்கள் வெறும் கற்கள் அல்ல. அவை பல இடங்களில் நமக்கு எஞ்சிய ஒரே ஆவணம். வேப்பேரி புனித மத்தியா ஆலயத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் முதலில் சிற்றாலயம் எழுப்பியவர், பரங்கிமலைப் படிகளைக் கட்டிய அதே உஸ்கான். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றிய பிறகு கத்தோலிக்கர்மீது ஆங்கிலேயருக்கு ஏற்பட்ட ஐயத்தால், உஸ்கான் மறைந்த மறு ஆண்டே, 1752இல், அந்தச் சிற்றாலயம் சீர்திருத்தச் சபை மறைப்பணியாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களுள் முதன்மையானவர் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவரும் தமிழ் அகராதி தொகுத்தவருமான பாப்ரிசியுஸ். இன்றுள்ள ஆலயம் 1820களில் கட்டப்பட்டது. சபை மாறியது, கட்டடம் மாறியது, வழிபாட்டு முறையும் மாறியது. ஆனால் 1751இல் மறைந்த உஸ்கானின் கல்லறை அந்த வளாகத்தில் இருக்கிறது. அவர் இதயம் மட்டும் ஈரானின் ஜூல்ஃபா நகருக்கு அனுப்பப்பட்டதாக வரலாறு கூறுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் பறித்த சொத்தைத் திருப்பித் தருகிறோம், புதுச்சேரிக்கு வந்துவிடு என்று அழைத்தும் செல்லாமல் சென்னையிலேயே இருந்து மறைந்த மனிதர் அவர். யாரோ எந்தக் காலத்திலோ அந்தக் கல்லைப் பெயர்த்துப் படிக்கல்லாகப் போட்டிருந்தால், ஓர் ஆர்மீனியர் கட்டி, கத்தோலிக்கர் வழிபட்டு, சீர்திருத்தச் சபையிடம் சென்று, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் உள்ள இடம் இது என்பதைக் கண்ணால் கண்டு உணர வழி இருந்திருக்காது. தரைக்கு டைல்ஸ் போடத் தீர்மானிக்கும் குழுவினர் முதலில் அந்தத் தரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

நான் சொல்வதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் அறிவேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை என்பார்கள். இது பாதி உண்மை. அரண்மனைகளையும் பழைய நீதிமன்ற, கல்லூரிக் கட்டடங்களையும் பழுதுபார்க்கும் பணிகள் நடப்பதால், அந்த வேலை தெரிந்த குழுக்கள் தமிழகத்தில் இன்னும் இருக்கின்றன. செட்டிநாட்டுப் பகுதியில் தலைமுறையாகச் செய்பவர்களும் உண்டு. நாம் வேலை கொடுக்கும்வரைதான் அவர்களும் இருப்பார்கள். நேரம் அதிகமாகும் என்பார்கள், ஆகும். சுண்ணாம்பு காய்ந்து இறுகத் தன் காலத்தை எடுத்துக்கொள்ளும், திருவிழாத் தேதிக்காக அதை விரட்ட முடியாது. செலவு அதிகம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஐந்து ஆறு ஆண்டுகளில் பெயரும் சிமென்ட் பூச்சை மறுபடியும் மறுபடியும் பூசுவதையும், பின்பு பெயின்ட், டைல்ஸ் என்று தொடரும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுண்ணாம்பே மலிவு. இன்னொரு அச்சமும் உண்டு: பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்துவிட்டால் அரசு உள்ளே நுழைந்துவிடும், ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பது. சிறுபான்மைச் சமூகம் ஒன்று இப்படி அஞ்சுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அச்சத்தைப் போக்குவது அரசின் கடமை. ஆனால் அரசுப் பட்டியலுக்கு வெளியிலேயே, ஆலயத்தின் சொந்த முயற்சியில் செய்யக்கூடியது ஏராளமாக இருக்கிறது.

முதலாவதாக, வேலை தொடங்கும் முன் கட்டடத்தை அளந்து வரைபடமாக்க வேண்டும். கிண்டியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி இருக்கிறது. மாணவர்களுக்குப் பழைய கட்டடங்களை அளந்து வரைவது பாடத்தின் ஒரு பகுதி. ஒரு பங்குத்தந்தை கடிதம் எழுதிக் கேட்டால் முகப்பு, தரைப்படம், குறுக்குவெட்டு, தூண்களின் நுட்பம் என்று அனைத்தும் ஆவணமாகக் கிடைக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு கல்வெட்டையும் கல்லறைக் கல்லையும், எந்த மொழியில் இருந்தாலும், படம் எடுத்துப் படியெடுத்து வைக்க வேண்டும். திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகளைக் கணினிப் படமாக்கி ஒரு பிரதியை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் வைக்க வேண்டும். இப்பகுதியின் பல குடும்பங்களுக்கு வேறெங்கும் கிடைக்காத பரம்பரைச் செய்தி அந்தக் கரையான் அரித்த நோட்டுகளில்தான் இருக்கிறது. பரங்கிமலை இன்று செங்கல்பட்டு மறைமாவட்டத்திலும், சின்னமலை சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலும், வேறு பல ஆலயங்கள் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்திலும் உள்ளன. மூன்று நிர்வாகங்களும் சேர்ந்து, சுண்ணாம்புக் கட்டடம் அறிந்த பொறியாளர், கட்டடக்கலைஞர் சிலரைக் கொண்ட பொதுக் குழு ஒன்றை அமைத்து, நூறாண்டு கடந்த எந்த ஆலயத்திலும் சுத்தியல் படும் முன் அக்குழுவின் கருத்தைக் கேட்பது என்று விதி செய்தால் போதும். அரசு அனுமதி எதுவும் இதற்குத் தேவையில்லை.

அரசிடம் என் முதன்மையான வேண்டுகோள் ஒன்றுதான். தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு சிறுபான்மையினர் நலத் துறையின் வாயிலாகப் பல ஆண்டுகளாக நிதியுதவி அளித்து வருகிறது. கட்டடத்தின் வயதை வைத்து உதவித்தொகை வகுக்கப்பட்டுள்ளது. நல்ல திட்டம். ஆனால் அதில் இருபது ஆண்டுகளைக் கடந்த கட்டடங்கள் எல்லாம் ஒரே பிரிவில் வருகின்றன. இருபத்தைந்து ஆண்டு வயதுள்ள கான்கிரீட் கூடத்தையும் இருநூற்றைம்பது ஆண்டு வயதுள்ள சுண்ணாம்புச் சுவரையும் ஒரே படிவத்தில், ஒரே மதிப்பீட்டு முறையில் அளந்தால், இளநிலைப் பொறியாளர் இரண்டுக்கும் சிமென்ட் பூச்சு என்றுதான் எழுதுவார். அவருக்குத் தரப்பட்ட விலைப்பட்டியல் அப்படி. நூறாண்டைக் கடந்த ஆலயங்களுக்குத் தனிப் பிரிவு ஒன்றை உருவாக்கி, அதற்குச் சுண்ணாம்பு வேலைக்கான விலைவிகிதத்தைப் பொதுப்பணித் துறையின் பாரம்பரியக் கட்டடப் பிரிவிடமிருந்து பெற்றுச் சேர்த்து, பணி முடிந்த பின் துறை ஆய்வாளர் பூச்சின் கலவையையும் பார்த்தே இறுதித் தவணையை விடுவிக்க வேண்டும் என்று ஓர் அரசாணைத் திருத்தம் செய்தால் போதுமானது. பாரம்பரியப் பாதுகாப்புக்கென ஆணையம் அமைக்க 2012இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. இந்தச் சிறு திருத்தம் அதற்குப் பெரிய சுமை அன்று. அதோடு, ஆலயங்களை ஒட்டிய சாலைகளில் புதிதாகத் தார் போடும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்ற நடைமுறையை மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் ஏட்டளவில் நிறுத்தாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் பல பங்குகள் பூச்சு வேலைக்கு ஒப்பந்தம் கோரும் காலம் இது. இக்கடிதத்தைப் படிக்கும் பங்குப் பேரவை உறுப்பினர் எவரேனும் அப்படியொரு தீர்மானத்தில் கையெழுத்திடும் நிலையில் இருந்தால், ஆலயச் சுவரில் ஒரு மூலையில் சிறிதளவு பூச்சைப் பெயர்த்து, உள்ளே இருப்பது சுண்ணாம்பா சிமென்டா என்று கொத்தனாரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
ஆலந்தூர், சென்னை.